திட்டங்கள் முடிந்த பிறகு எது மிஞ்சியது? வடக்குக் கிழக்குப் பல்கலைக்கழகங்கள் பாடங்களைச் சேர்ந்து நடத்த வேண்டும்

வாவிக்கரை எழுதியது:

இலங்கையின் உயர்கல்வியைச் சீர்திருத்த உலக வங்கிக் கடனில் இதுவரை மூன்று பெரிய திட்டங்கள் வந்து போயிருக்கின்றன. முதலாவது 2003இல் தொடங்கியது. இரண்டாவது 2010இல், 40 மில்லியன் டொலருடன். மூன்றாவதை நாம் எல்லோரும் 'அஹெட்' என்றே அழைத்தோம். அது 2017இல் 100 மில்லியன் டொலருடன் வந்து 2023இல் முடிந்தது. மூன்றும் முடிந்துவிட்ட நிலையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, பணம் நின்ற மறுநாள் எவை தொடர்ந்து இயங்கின என்பதே.

என் கண் முன்னே நின்றுபோனவற்றைச் சொல்கிறேன். திட்டக் காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் வந்த ஆங்கிலப் போதனாசிரியர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட்டார்கள். மொழி ஆய்வுகூடத்தில் கணினிகள் இருக்கின்றன, மென்பொருள் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. மாணவர் மையக் கற்றல் என்று எத்தனையோ பயிலரங்குகள் நடந்தன. அவற்றில் எழுதிய புதிய பாடத்திட்டத்தைக் கற்பிக்க வேண்டிய இருவர் இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது எந்தத் துறைக்கும் புதிய கதை அல்ல.

தொடர்ந்து இயங்குபவை எவை? பல்கலைக்கழகங்களை இணையத்தால் இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இயங்குகிறது. 1990களில் கொழும்பு, மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் பொறியியலாளர்கள் சேர்ந்து கட்டியெழுப்பியது அது. 2020இல் கொரோனா வந்து வளாகங்களை மூடியபோது, நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் இணையவழி விரிவுரைகளை நடத்தின. தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு பேசி, மாணவர்கள் டேட்டாக் கட்டணமின்றி இணைவதற்கு வழி செய்ததும் அந்தக் கட்டமைப்பு கையில் இருந்ததனால்தான். பேராதனையில் 1975இல் தொடங்கிய விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இயங்குகிறது. நம் பக்கத்து விவசாய பீடங்களின் விரிவுரையாளர்களில் எத்தனையோ பேர் அங்கே முதுமாணியும் கலாநிதியும் முடித்தவர்கள். ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று நான்கு நாட்கள் தங்கி, கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, மாணவர்களைத் தனியே அழைத்துப் பேசி எழுதும் தர மதிப்பாய்வு முறையும் இயங்குகிறது. அதில் குறைகள் உண்டு, மேசை நிறையக் கோப்பு அடுக்குவதே வேலையாகிவிடுகிறது என்ற முறைப்பாடு நியாயமானது. ஆனாலும் பக்கத்து வீட்டார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றவுடன் பத்து வருடமாகத் திருத்தாத பாடத்திட்டம் திருத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றுமே பல்கலைக்கழகங்கள் தம் ஆட்களைக் கொண்டு கூட்டாக நடத்துபவை. வெளிப்பணம் ஒரு கட்டத்தில் உதவியிருக்கலாம், ஆனால் பொறுப்பு எங்கள் கையில் இருந்தது.

அதனால் என் முன்மொழிவு இது. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் சமூக விஞ்ஞானப் பாடங்கள் பெருமளவு தமிழ்மூலம் நடக்கின்றன. வவுனியாவையும் சேர்த்து நான்கிலும் ஆளணி வெற்றிடங்கள் இருக்கின்றன. நான்கிலும் ஒரே மாதிரியான புள்ளிவிபரவியல் பாடத்தை, ஒரே மாதிரியான ஆய்வு முறையியல் பாடத்தை, தனித்தனியே, அரைகுறையாக நடத்துகிறோம். சில பாட அலகுகளையாவது நான்கும் சேர்ந்து வடிவமைத்து, சேர்ந்து கற்பித்து, கிரெடிட்டைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கே தடை வரும் என்று சொல்லுங்கள்.


நிதியாளர் எழுதியது:

நிர்வாகப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் தடை வருகைநிலை விரிவுரைக் கொடுப்பனவு. ஒரு பல்கலைக்கழகத்தின் நிரந்தர விரிவுரையாளர் இன்னொரு பல்கலைக்கழக மாணவருக்குக் கற்பித்தால், அந்த மணித்தியாலங்கள் அவருடைய வேலைப்பளுவில் சேருமா, அல்லது மற்றப் பல்கலைக்கழகம் தனியாகக் கொடுக்க வேண்டுமா? இதற்குத் தெளிவான எழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் கூட விடுவிக்க முடியாது. கணக்காய்வாளர் கேட்கும்போது நல்ல நோக்கத்தைக் காட்ட முடியாது, பல்கலைக்கழக நிர்வாக சபையான பேரவையின் தீர்மானத்தைத்தான் காட்ட வேண்டும்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் மற்றப் பல்கலைக்கழகங்களோடு ஆசிரியர்களையும் மாணவர்களையும் பரிமாறி ஒத்துழைப்பதற்கு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு எத்தனை புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கையெழுத்தாகியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அப்படி ஒன்றைக் கொண்டுவர யாரும் கோப்புத் திறப்பதில்லை. வெளிநாட்டு உடன்படிக்கைக்குப் படம் எடுக்கலாம், பயணம் போகலாம். உள்ளூர் உடன்படிக்கையில் கிடைப்பது வேலை மட்டும்.

சமமான பரிமாற்றம் என்றால் பணமே கைமாறத் தேவையில்லை. நீங்கள் எங்களுக்கு முப்பது மணித்தியாலம், நாங்கள் உங்களுக்கு முப்பது மணித்தியாலம். இரண்டு பக்கமும் வேலைப்பளுப் படிவத்தில் பதிந்தால் போதும். பணம் கேட்காத திட்டத்தைத் திறைசேரி தடுக்காது.


மூன்றாம் வருடம் எழுதியது:

நான் மாணவி, கலைப் பீடம். வாவிக்கரை அக்கா சொல்லும் புள்ளிவிபரவியல் பாடத்தில் எங்கள் அணிக்கு நடந்ததை எழுதுகிறேன். அரையாண்டு தொடங்கிய பிறகும் பாதிக் காலம் வரை விரிவுரையாளர் இல்லை. பிறகு ஒரு தற்காலிக விரிவுரையாளர் வந்தார். நல்லவர், எங்களைவிட இரண்டு அணி மூத்தவர். அவர் படித்த காலத்துக் கையெழுத்துக் குறிப்புகளையே போட்டோ பிரதி எடுத்துத் தந்தார். பரீட்சையில் வந்த கேள்விகள் அந்தக் குறிப்பிலிருந்து வந்தவை. எங்களில் பலர் சித்தியடைந்தோம். ஆனால் ஆய்வுக் கட்டுரைக்கு நானே சேகரித்த வினாக்கொத்துத் தரவை கணினியில் இட்டு ஒரு அட்டவணை எடுக்கத் தெரியாமல் கடைக்காரரிடம் பணம் கொடுத்துச் செய்வித்தேன். என் விடுதியில் இருந்தவர்கள் பலரும் அதே கடைக்குத்தான் போனார்கள்.

அதனால் இன்னொரு பல்கலைக்கழகத்தில் நன்றாகக் கற்பிப்பவர் திரையில் வந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் திரை மட்டும் போதாது. 2020இல் எங்கள் ஊரில் விரிவுரை கேட்கப் பிள்ளைகள் கிணற்றடிக்கும் வயல் வரம்புக்கும் போனார்கள், சிக்னல் அங்கேதான் கிடைத்தது. வளாகத்துக்குள் ஒரு மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து அமர்ந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, கணக்கு விளங்காதவருக்கு விளக்க வேண்டும். வரவு எண்பது வீதம் வேண்டும் என்ற விதியை யார் பார்த்து எப்படிப் பதிவார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் பரீட்சைக்கு இருக்க முடியாமல் போவது நாங்கள்தான்.


தேயிலைமலை எழுதியது:

நல்ல எண்ணம்தான், ஆனாலும் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

ஏன் வடக்குக் கிழக்கோடு நிறுத்துகிறீர்கள்? நுவரெலியாவிலும் பதுளையிலும் இருந்து தமிழ்மூலம் உயர்தரம் எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் பேராதனையிலும் கொழும்பிலும் படிக்கிறார்கள். அங்கே சில துறைகளில் தமிழ்மூலம் கற்பிக்க ஒருவர், சில இடங்களில் அவரும் இல்லை. பேராசிரியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடத்தியதை மூத்த அணி மாணவர் மாலையில் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார். பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட ஒதுக்கீட்டில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட மக்கள்தொகை, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று எத்தனையோ வருடமாகப் பங்கு பிரிக்கிறோம். உள்ளே வந்த பிறகு அந்தப் பின்தங்கிய மாவட்டப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. கூட்டுப் பாடம் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்க வேண்டும்.

மற்றது என்னை உறுத்தும் விடயம். தமிழ்மூலப் பாடங்களை எல்லாம் ஒரு தனிக் கூட்டுக்குள் கொண்டுபோனால், நம் பிள்ளைகள் சிங்கள மாணவரையும் ஆங்கிலத்தையும் சந்திக்காமலே பட்டம் பெற்று வெளியேறுவார்கள். அதன் பிறகு ஆசிரிய நியமனத்துக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்கும் காத்திருந்து, மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பட்டதாரிகள் கூடாரம் அடித்து உட்காரும் காட்சியை நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.


வாவிக்கரை எழுதியது:

தேயிலைமலை ஐயா, உங்கள் முதலாவது மறுப்பை அப்படியே ஏற்கிறேன். பேராதனையிலும் கொழும்பிலும் உள்ள தமிழ்மூல மாணவர்கள் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். உண்மையில் அவர்களுக்குத்தான் இது மிக அவசரம்.

இரண்டாவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் வராததற்குக் காரணம் தமிழில் படிப்பது என்று பல வருடமாகச் சொல்லி வருகிறோம். தங்கை 'மூன்றாம் வருடம்' எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அவருக்குத் தமிழிலேயே புள்ளிவிபரவியல் வரவில்லை. தமிழில் விளங்கிய ஒருவருக்கு ஆங்கில நூலைக் கொடுத்தால் அகராதியோடு போராடியாவது படிப்பார். எந்த மொழியிலும் விளங்காதவருக்கு ஆங்கில மூலம் என்று பெயர்ப்பலகை மாற்றினால், மனனம் செய்யும் மொழி மாறுமே தவிர வேறொன்றும் நடக்காது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பௌதிகவியலுக்கும் தாவரவியலுக்கும் புவியியலுக்கும் தமிழில் கலைச்சொற் தொகுதிகள் வெளியிட்டது, பல்கலைக்கழக நூல்களை மொழிபெயர்த்தது. அந்த வேலை தொடர்ந்திருந்தால் இன்று நம் மாணவர் கையில் போட்டோ பிரதிக் குறிப்பு இருந்திருக்காது. கூட்டுப் பாடத்தின் முதல் பயனாக நான் எதிர்பார்ப்பது ஒரு நல்ல தமிழ்ப் பாடநூல். அதோடு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஆங்கில வாசிப்பு ஒன்று. இரண்டையும் ஒரே ஆள் எழுத முடியாது, நான்கு துறைகள் சேர்ந்தால் முடியும்.

சிங்கள மாணவரைச் சந்திப்பது பற்றி நீங்கள் சொல்வது வேறு கேள்வி, பெரிய கேள்வி. யாழ்ப்பாணத்துப் பொறியியல் பீடத்திலும் விஞ்ஞான பீடத்திலும் அவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். கலைப் பீடத்தில் மொழிமூலம் அவர்களைப் பிரித்துவிடுகிறது. களப்பயிற்சியில் சேர்க்கலாம். அதைத் தனி இழையாகவே தொடங்குங்கள், நானும் வருகிறேன்.


பெர்கன் எழுதியது:

நோர்வேயில் கற்பிக்கிறேன். வளர்ந்த நாடு ஒன்றும் வளரும் நாடுகளும் சேரும் திட்டங்களில் சிலகாலம் வேலை செய்தவன் என்பதால் ஒன்றிரண்டு சொல்லலாம்.

நோர்வே அரசின் நிதியில் யாழ்ப்பாணமும் பேராதனையும் பெர்கனிலுள்ள மேற்கு நோர்வேப் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து, சூரிய மின்கலங்களுக்கான நுண்பொருட்கள் பற்றி ஆய்வுப் பயிற்சி நடத்தியிருக்கின்றன. அதில் எனக்குப் பிடித்தது நோர்வேக்கு வந்து போன மாணவர்களின் எண்ணிக்கை அல்ல. யாழ்ப்பாணத்துப் பௌதிகவியல் துறையும் பேராதனைத் துறையும் அந்தச் சாட்டில் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின என்பதுதான். இரண்டு உள்ளூர்த் துறைகள் பேசுவதற்கு ஒஸ்லோவிலிருந்து காசு வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது, ஆனாலும் பேசினார்கள்.

ஆபிரிக்காவில் கார்ட்டா என்ற கூட்டமைப்பு 2008 முதல் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் விற்ஸ் பல்கலைக்கழகமும் நைரோபியிலுள்ள ஆபிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வு மையமும் முன்னின்று தொடங்கின. கென்யா, உகண்டா, நைஜீரியா, மலாவி என்று பல நாட்டுப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் தம் பல்கலைக்கழகத்தில் பதிந்தபடியே கலாநிதிப் பட்டம் செய்கிறார்கள். ஆனால் ஆய்வு முறையியலையும் எழுத்தையும் சேர்ந்து, குறிப்பிட்ட கருத்தரங்குகளில் ஒரே குழுவாகப் படிக்கிறார்கள். பட்டம் கொடுப்பது அவரவர் பல்கலைக்கழகம், எவரும் தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நீங்கள் கேட்கும் வடிவத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூட்டு என்று தொடங்கி, ஒரு பெரிய பல்கலைக்கழகம் கற்பிக்க, மற்றவை கேட்கும் நிலைக்கு வந்துவிடும். வவுனியா 2021இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் விரிவுரையாளர் ஒரு அலகையாவது யாழ்ப்பாண மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.


ஓய்வுபெற்ற பரீட்சகர் எழுதியது:

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவையில் நீண்டகாலம் உட்கார்ந்தவன் என்ற முறையில், இது எங்கே இடறும் என்று சொல்கிறேன்.

கல்வி நாட்காட்டியில் இடறும். உயர்தரப் பரீட்சை தள்ளிப்போனது, கொரோனா, எரிபொருள் இல்லாத 2022, போராட்டங்கள், பகிடிவதை காரணமாக மூடிய வளாகங்கள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. ஒரு பீடத்தில் இரண்டாம் வருட இரண்டாம் அரையாண்டு நடக்கும்போது பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதே அணி முதல் அரையாண்டுப் பரீட்சைக்கு நிற்கும். நேர அட்டவணை ஒத்துவராமல் நேரலை விரிவுரை நடக்கவே நடக்காது.

பரீட்சையிலும் இடறும். வினாத்தாளை யார் எடுப்பது, அதைச் சரிபார்த்து மட்டுப்படுத்துவது யார், இரண்டாம் மதிப்பீடு எங்கே, மீள்பரீட்சை எழுதுபவரின் விடைத்தாள் எந்தப் பதிவாளரிடம் போகும்? இவற்றைத் தீர்க்காமல் தொடங்கினால் முதல் அணியின் பெறுபேறு ஒரு வருடம் தாமதமாகும். பெறுபேறு தாமதமானால் மாணவரின் வேலை விண்ணப்பம் போகும்.

இவை தீர்க்கக்கூடியவை. தீர்க்க முடியாததாக எனக்குத் தெரிவது இதுதான். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோரிக்கை அப்போதுதான் தெருவுக்கு வந்தது, காலியிலிருந்து கொழும்புவரை நடந்தார்கள். அந்த ஆறு வீதம் இன்றுவரை வரவில்லை. இந்த நிலையில் ஒரு விரிவுரையாளர் நான்கு பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கலாம் என்று நாமே நிரூபித்துக் காட்டினால், மற்ற மூன்று வெற்றிடங்களையும் நிரப்ப வேண்டாம் என்று திறைசேரி முடிவெடுக்கும். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியை ஒரேயடியாக யாரும் நிறுத்தப் போவதில்லை. ஆள் போடாமல் விட்டாலே போதும், அது தானாகத் தேய்ந்துவிடும்.


மூன்றாம் வருடம் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். வெற்றிடத்தை நிரப்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அது வரும்வரை எங்கள் அணி என்ன செய்வது? நான்கு வருடம்தான் நாங்கள் இங்கே இருப்போம். எனக்குப் பின்னால் வரும் தங்கைமாருக்கும் அதே போட்டோ பிரதிதான் கிடைக்கிறது, நான் பார்க்கிறேன்.


நிதியாளர் எழுதியது:

பரீட்சகர் ஐயாவின் அச்சம் உண்மையானது, ஆகவே அதை உடன்படிக்கையில் எழுத்திலேயே அடைக்க வேண்டும். கூட்டுப் பாடத்தில் பங்கேற்கும் ஒவ்வொரு துறையும் அந்தப் பாடத்துக்கு ஒரு நிரந்தர விரிவுரையாளரைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எண்ணிக்கையில் கூட்டுப் பாட மணித்தியாலங்களைக் கழிக்கக் கூடாது என்ற வாசகத்தைச் சேர்த்து, நான்கு பேரவைகளும் தீர்மானம் எடுத்து, அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். ஆணைக்குழு பதில் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். எழுத்தில் இருப்பது பின்னாளில் பேசும்.

வரவைப் பற்றித் தங்கை கேட்டதற்குப் பதில்: மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்தாரோ அங்குள்ள மண்டபத்தில் கையெழுத்திடுவார். அந்தத் தாள் அந்தப் பீடத்திலேயே இருக்கும். புதிய விதி எதுவும் தேவையில்லை.


வாவிக்கரை எழுதியது:

பரீட்சகர் ஐயா சொன்னதையும் பெர்கன் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், நான் முதலில் எழுதியதைவிடச் சிறியதாகவும் உறுதியானதாகவும் தொடங்க வேண்டும் என்று படுகிறது. நேரலை விரிவுரையை விட்டுவிடுவோம். நாட்காட்டிகள் ஒத்துவர இன்னும் சில வருடம் ஆகும்.

ஒரே ஒரு பாடம், சமூக விஞ்ஞானத்துக்கான புள்ளிவிபரவியல். நான்கு துறைகள் சேர்ந்து ஒரு பாடத்திட்டம், ஒரு தமிழ்ப் பாடநூல், பதிவு செய்த விரிவுரைகள், இலவச மென்பொருளில் செய்யும் பயிற்சிகள். உதாரணத் தரவு நம் மண்ணிலிருந்தே வரட்டும். வாகரை மீனவர் குடும்பங்களின் வருமானம், கிளிநொச்சி நெல் விளைச்சல், ஹட்டன் தோட்டத்து வருகைப் பதிவு. கற்பிக்கும் முறையை அவரவர் துறை தீர்மானிக்கும், பட்டமும் பெறுபேறும் அவரவர் மூதவையிலேயே இருக்கும். பதிவு செய்த விரிவுரைகளைப் பேராதனை, கொழும்பு மாணவர்களும் லேர்ன் வழியாக எப்போதும் பார்க்கலாம். வினாத்தாளை மட்டும் மற்றத் துறையொன்று மட்டுப்படுத்தும். அது இப்போதும் சில இடங்களில் தனிப்பட்ட நட்பில் நடக்கிறது, அதை முறைப்படுத்துவோம்.

மூதவை அனுமதி பாடத்திட்டத் திருத்தத்துக்கு மட்டுமே வேண்டும். அதற்குத் துறைத் தலைவர் பீடச் சபையில் ஒரு பத்திரம் வைத்தால் போதும். மூன்று துறைகளில் ஆள் இருப்பதாகத் தனிச் செய்தியில் சொல்லியிருக்கிறார்கள். வவுனியாவிலிருந்து ஒருவர் வேண்டும்.


ஏட்டறை எழுதியது:

நூலகத்தில் வேலை செய்கிறேன், இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். பாடநூல் எழுதத் தொடங்குமுன் பழைய கலைச்சொற் தொகுதிகளைப் பாருங்கள். 'நூலகம்' என்ற இணையவழி நூலகத் திட்டம் 2005 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வருகிறது, அந்தக் காலத்துத் தொகுதிகள் சில அங்கே கிடைக்கும். நான்கு துறையிலும் நான்கு விதமாகச் சொல்லிக் கொடுக்கும் சொற்களை முதலில் ஒன்றாக்கிவிட்டால், மாணவர் ஒருவரின் குறிப்பை இன்னொருவர் படிக்க முடியும்.

பதிப்புரிமை பற்றி இப்போதே முடிவெடுங்கள். பாடநூலை எழுதியவர்கள் தம் பெயரோடு திறந்த உரிமத்தில் வெளியிட்டால், நான்கு நூலகங்களும் தம் களஞ்சியத்தில் ஏற்றலாம், யாரும் அச்சடிக்கலாம், அடுத்த வருடம் வேறொருவர் திருத்தலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் உரிமையைப் பதிந்தால் மற்ற மூன்றும் அதைத் தொடத் தயங்கும். உரிமப் படிவத்தின் தமிழ் வரைவு ஒன்றை நான் எழுதி அனுப்புகிறேன். பீடச் சபைப் பத்திரத்தோடு இணைத்து வையுங்கள்.